பிள்ளைக்கு எடை ஏறுவது ஏன்? பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் கிளினிக் ஒன்றில் வாரத்துக்கு மூன்று நாள் உணவு ஆலோசகராக உட்காருகிறேன். வருகிறவர்கள் ஒரு டயட் சார்ட்டை எதிர்பார்த்துத்தான் வருவார்கள். நானோ வீட்டில் டிவி எங்கே இருக்கிறது, பள்ளி வேன் எத்தனை மணிக்கு வருகிறது, பிஸ்கட் டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்றெல்லாம் கேட்பேன். "இவங்க ஏன் வீட்டு விசாரணை பண்றாங்க" என்று சிலர் முகத்திலேயே தெரியும். ஒரே சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி வந்ததில் சேர்ந்ததுதான் இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

1. குழந்தைன்னா கொழுகொழுன்னு இருந்தாத்தானே அழகு? குண்டுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?

கண்ணை வைத்துச் சொல்வதில்லை. கண் ஏமாற்றும். சுற்றியிருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் பூசினாற்போல் இருந்தால், சரியான எடையில் இருக்கும் பிள்ளை நமக்கு நோஞ்சானாகத் தெரியும். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. 120 செ.மீ. உயரமும் 30 கிலோ எடையும் உள்ள ஏழு வயதுப் பிள்ளைக்கு இது ஏறக்குறைய 20.8. பெரியவருக்கு இது நல்ல எண். ஏழு வயதுக்கு இது உடல் பருமன் கோட்டைத் தாண்டிய எண். பிள்ளைகளின் எண்ணை எப்போதும் வயதுக்கும் ஆண், பெண் என்பதற்கும் ஏற்ற வளர்ச்சி அட்டையில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட அட்டை பல கிளினிக்குகளில் இருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, அதைப் பாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். நூலின் இரு முனையும் தொடவில்லை என்றால் வயிற்றில் கொழுப்பு சேர்கிறது என்று பொருள். இதுவே முடிவான தீர்ப்பு இல்லை. எடை மெஷினும் அட்டையும் தேடிப் போக இது போதுமான காரணம், அவ்வளவுதான்.

2. உயரம் வந்தா தானா சரியாப் போயிடாதா?

சில வயதில் உண்மை. கைக்குழந்தை ஒரு வயது வரை உருண்டு திரளும். பிறகு நடக்க ஆரம்பித்து மெலியும். ஐந்து, ஆறு வயதில்தான் மெலிவின் அடிமட்டத்தைத் தொட்டு மறுபடி பூசத் தொடங்கும். இந்த மறு ஏற்றம் மூன்று, நான்கு வயதிலேயே தொடங்கிவிட்டால் அது எச்சரிக்கை மணி. எல்.கே.ஜி.யில் கன்னம் உப்பிக்கொண்டே போவதைப் பார்த்து மகிழ்வதற்கு முன் அட்டையைப் பாருங்கள்.

பதின்ம வயதில் உடல் பருமனோடு இருப்பவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் பெரியவர்களான பின்னும் அப்படியே இருக்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வந்த கணக்கு இது. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: குண்டான பெரியவர்களில் பெரும்பாலோர் சிறு வயதில் அப்படி இருந்தவர்கள் இல்லை. அதனால் இன்று ஒல்லியாக இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் இந்தப் பக்கம் பொருந்தும்.

3. எங்க பரம்பரையே இப்படித்தான் மேடம். ஜீன்ல இருந்தா என்ன பண்ண முடியும்?

ஜீனுக்குப் பங்கு உண்டு, அதுவும் கணிசமான பங்கு. 2007-இல் அடையாளம் கண்ட எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் ஒரு வகை இருந்தால் எடை கூடும் வாய்ப்பு அதிகம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஆனால் முப்பது, நாற்பது வருடத்தில் ஒரு நாட்டின் ஜீன் மாறிவிடாது. மாறியது தெருவும், கடையும், சமையலறையும், பொழுதுபோக்கும்.

பரம்பரையாக வருவது ஜீன் மட்டுமா? எண்ணெய் ஊற்றும் கரண்டியின் அளவும் வருகிறது. சாயங்காலம் ஆனால் காரம் கொறிப்பது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோபாவில் கிடப்பது, எல்லாமே வருகிறது. அப்பா, அம்மா இருவருக்கும் எடை அதிகம் என்றால் பிள்ளைக்கு ஆபத்து கூடுவது இந்த இரண்டு வழியிலும்தான். ஒரே ஒரு ஜீன் பழுதால் வரும் கடுமையான பருமன் மிக அரிது. அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், தீராத பசியோடு தலைகாட்டும்.

4. தைராய்டா இருக்குமோ? ஒரு டெஸ்ட் எடுத்துடலாமா?

இந்தக் கேள்வியில் ஒரு நிம்மதி ஒளிந்திருக்கிறது. தைராய்டு என்றால் மாத்திரையோடு முடியும், வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம். மருத்துவர்கள் முதலில் பார்ப்பது உயரத்தை. சாப்பாட்டால் எடை கூடிய பிள்ளை பொதுவாக வயதுக்கு மீறி உயரமாகவே இருக்கும். தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறில் எடை கூடும், உயரம் நின்றுபோகும். குட்டையாக இருந்து குண்டாகிறது என்றால் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

மருந்துகளையும் மறக்காதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு, வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநலச் சிகிச்சையில் தரும் ரிஸ்பெரிடோன் ஆகியவை எடையை ஏற்றும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

5. பொறந்தப்ப வெறும் 2 கிலோ 300 கிராம். தேத்தணும்னுதான் ஊட்டினோம். அது தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். எடை குறைவாகப் பிறந்த குழந்தையைத் தேற்றத்தான் வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் சிக்கல்.

புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவர் குழுவும் 1990-களில் கிராமத்துக் கர்ப்பிணிகளையும் அவர்களின் குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களுக்கு 3.5 கிலோ. எடையிலும் தசையிலும் நம் குழந்தைகள் மெலிவு, ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியான உருவம், உள்ளே கொழுப்பு. இப்படிப் பிறந்த பிள்ளைக்கு வேகவேகமாக எடை ஏற்றினால், பின்னாளில் சர்க்கரை நோய்க்கான ஆபத்து கூடுகிறது. அதனால் எடை மட்டும் ஓடுகிறதா, உயரமும் கூடவே வருகிறதா என்று அட்டையில் பார்த்துக்கொண்டே ஊட்ட வேண்டும்.

மறுமுனையும் உண்டு. கர்ப்ப காலச் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் குழந்தை நான்கு கிலோவுக்குப் பிறக்கலாம், பின்னாளில் எடை கூடும் வாய்ப்பும் அதிகம். நம் நாட்டில் இதைப் பற்றி ஓயாமல் பேசியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்ப காலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறோம். "பிள்ளை பெருசா, அம்சமா பொறந்திருக்கு" என்று கொண்டாடும் வீட்டில் அம்மாவின் சர்க்கரை அளவை ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

6. அவன் ஒண்ணுமே சாப்பிடறதில்லை மேடம். ஆனா வெயிட் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. எப்படி?

என் மேசையில் மிக அதிகமாக வந்து விழும் கேள்வி இதுதான். அம்மாக்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கணக்கில் 'சாப்பாடு' என்பது சோறு, இட்லி, தோசை. மற்றதெல்லாம் 'சும்மா கொறிச்சது'.

ஒரு நாளை மட்டும் எழுதிப் பார்ப்போம். காலையில் ஒரு டம்ளர் பால், அதில் சத்துமாவு பவுடர், இரண்டு ஸ்பூன் சர்க்கரை: சுமார் 230 கலோரி. சாயங்காலம் அதே இன்னொரு டம்ளர். நாலு கிரீம் பிஸ்கட், சுமார் 200. பள்ளி விட்டதும் பேக்கரியில் ஒரு எக் பப்ஸ், 250-க்குக் குறையாது. ஆக 900 கலோரிக்கு மேல். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவையே 1,700 சுமாருக்குத்தான். பாதிக்கு மேல் 'சும்மா'வில் போய்விட்டது. இதற்கு மேல் மதியச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் ஆச்சரியம். பசியே இல்லாத பிள்ளையை "சாப்பிடவே மாட்டேங்குறான்" என்று துரத்தித் துரத்தி இன்னும் நாலு வாய் ஊட்டுகிறோம்.

மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிறாக, வாய்க்குள் போன எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். தாத்தா கடைக்குப் போனபோது வாங்கிக் கொடுத்த மிட்டாயையும் சேர்த்து. பாதிப் பேருக்கு நான் எதுவும் சொல்லத் தேவையிருப்பதில்லை, தாளே சொல்லிவிடும்.

7. ஹெல்த் டிரிங்க் குடிச்சாத்தானே உயரமா, புத்திசாலியா வளருவாங்க?

2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், ஆன்லைன் விற்பனைத் தளங்கள் இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது என்பதுதான் காரணம். டப்பாவின் பின்பக்கத்தில் 'மொத்த சர்க்கரை', 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரிகளைப் படியுங்கள். விளம்பரத்தில் ஓடுகிற பையன் உயரமாக இருப்பது பவுடரால் இல்லை. உயரமான பையனாகப் பார்த்து நடிக்க எடுத்திருக்கிறார்கள்.

வெறும் பால் போதும். வெறும் பால் குடிக்க மாட்டேன் என்றால், குடிக்காவிட்டாலும் தலை போகாது. தயிர் இருக்கிறது, மோர் இருக்கிறது.

8. கூல்டிரிங்க்ஸ் தர்றதில்லை, வீட்டுல போட்ட ஃப்ரெஷ் ஜூஸ்தான். பழம் நல்லதுதானே?

பழம் நல்லது. ஜூஸ் வேறு கதை. மூன்று சாத்துக்குடியைப் பிள்ளை உரித்துச் சாப்பிட இருபது நிமிடம் ஆகும், இரண்டாவதிலேயே போதும் என்றுவிடும். பிழிந்தால் மூன்றும் இருபது நொடியில் உள்ளே போகும், சக்கை குப்பைக்குப் போகும். போதாக்குறைக்கு நாம் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போடுவோம். ஒரு வயதுக்குள் ஜூஸே வேண்டாம், மூன்று வயது வரை நாளைக்கு 120 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பின் 2017 பரிந்துரை.

கூல்டிரிங்க்ஸ் பற்றி ஒரு வரி: 100 மி.லி.யில் பத்து, பதினோரு கிராம் சர்க்கரை. 300 மி.லி. பாட்டிலில் ஆறேழு ஸ்பூன். அதைக் காபியில் போட்டுக் குடிக்கச் சொன்னால் யாரும் குடிக்க மாட்டோம்.

9. நாங்க வெளிச் சாப்பாடே கிடையாது. எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான். அப்புறம் ஏன் ஏறுது?

முதலில் 6-ஆம் கேள்வியின் தாளை எழுதிப் பாருங்கள். 'வெளிச் சாப்பாடு கிடையாது' என்பவர் வீட்டிலும் மளிகைப் பட்டியலில் நூடுல்ஸ், சிப்ஸ், சாஸ், கேக் இருக்கும். அடுப்பில் கொதித்தால் மட்டும் அது வீட்டுச் சாப்பாடு ஆகிவிடாது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் ஒரு சோதனை வெளியிட்டார். இருபது பெரியவர்களை ஒரு மாதம் அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவும், இரண்டு வாரம் சாதாரண உணவும் தந்தார்கள். முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு வாரங்களில் அவர்கள் தாங்களாகவே நாளைக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். இது பெரியவர்களிடம் செய்த சோதனைதான். ஆனால் மெல்லாமலே இறங்கும் உணவு நம் வயிற்றின் 'போதும்' என்ற குரலை முந்திவிடுகிறது என்பது பிள்ளைக்கும் பொருந்தாமல் போகாது.

அசல் வீட்டுச் சாப்பாட்டிலும் கவனிக்க இடமுண்டு. தட்டில் சோறு மலை போலவும் பொரியல் கோபுரக் கலசம் போலவும் இருக்கும். அதைக் கொஞ்சம் மாற்றலாம். மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று பார்த்து வீட்டிலுள்ள தலைகளால் வகுத்துப் பாருங்கள். அரை லிட்டரை வெகுவாகத் தாண்டினால் அடுப்படியில் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

10. போனைக் காட்டினாத்தான் வாயைத் திறக்குறா. வேற வழி?

புரிகிறது. வேலைக்குப் போகும் அவசரத்தில் போன் ஒரு வரம்தான். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு என்ன சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்பது தெரிவதில்லை. வாய் தானாகத் திறக்கிறது. நமக்கு வசதியாக இருப்பதே அதனால்தான்.

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இரண்டு தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. ஒரு பள்ளியின் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிவியும் வீடியோ கேமும் பார்க்கும் நேரத்தைக் குறைக்கப் பாடம் நடத்தினார்கள். சாப்பாட்டைப் பற்றியோ உடற்பயிற்சியைப் பற்றியோ எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்வியாண்டு முடிவில் மற்றப் பள்ளியைவிட அங்கே பி.எம்.ஐ. ஏற்றம் குறைவு. திரை முன்னால் கொறிப்பது, விளம்பரம் பார்த்துக் கேட்பது, தூக்கம் தள்ளிப்போவது எல்லாம் ஒன்றாகக் குறைந்தால் இப்படி நடப்பதில் வியப்பில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு மணி நேரத்துக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

எங்கிருந்து தொடங்குவது? ஒரு நாளில் ஒரு வேளை, இரவுச் சாப்பாடு மட்டும், வீட்டில் யாருக்கும் திரை இல்லை. அப்பாவுக்கும் இல்லை. முதல் நான்கைந்து நாள் பிள்ளை குறைவாகச் சாப்பிடும், விட்டுவிடுங்கள்.

11. தூக்கத்துக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? தூங்கினாத்தானே குண்டாவாங்க?

கும்பகர்ணனைப் பார்த்து வந்த நினைப்பு இது. நடப்பது நேர்மாறு. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. அரைத்தூக்கத்தில் எழுந்த பிள்ளை காலையில் சாப்பிடாமல் வேன் ஏறி, பதினொரு மணிக்கு இனிப்பும் உப்புமாகத் தேடும். விளையாடவும் தெம்பு இருக்காது.

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். வேன் ஆறே முக்காலுக்கு வருகிறது, டியூஷன் முடிந்து சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று ஆகிறது என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

12. விளையாட எங்கே இடம் இருக்கு? ரோட்டுல வண்டி, தெருவுல நாய்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இது பெற்றோரின் சோம்பல் இல்லை, ஊரின் குறை. நடைபாதை கடையாகிவிட்டது, காலி மனை வீடாகிவிட்டது, அபார்ட்மெண்ட்டில் 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று போர்டு. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதே இல்லை. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அந்த இருபது மாதத்தில் ஏறியதை இன்னும் இறக்க முடியாத பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள்.

5 முதல் 17 வயது வரை நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும். ஒரே மூச்சில் வேண்டும் என்றில்லை. மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் பத்து நிமிடம், படியேறுவது, நொண்டி, கண்ணாமூச்சி, கடைக்கு நடந்து போய் வருவது எல்லாம் கணக்கில் வரும். அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் சாயங்காலம் ஐந்து முதல் ஆறு வரை கார் நிறுத்துமிடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லி ஒருவர் கேட்டு வாங்கினார். பந்து பட்டுக் கண்ணாடி உடைந்தால் தானே காசு தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

13. வாரத்துக்கு ரெண்டு நாள் கராத்தே அனுப்புறோமே, போதாதா?

அனுப்புங்கள், நல்லது. மீதி ஐந்து நாள்? அப்புறம், கிளாஸ் முடிந்து வரும் வழியில் "பாவம், களைச்சுப் போயிட்டான்" என்று வாங்கித் தரும் பரோட்டா, அங்கே எரித்ததைப் போல இரண்டு மடங்கு இருக்கும். உடற்பயிற்சியைக் காட்டி எடையைப் பேரம் பேச முடியாது.

14. நான் கட்டுப்படுத்தினாலும் மாமியார் ஊட்டிவிடறாங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?

ரேஷன் வரிசையில் நின்று அரிசி வாங்கிய தலைமுறைக்குப் பேரனின் தொந்தி ஒரு வெற்றி. அதைத் திட்டி மாற்ற முடியாது. அவரையே ஒருமுறை கூட்டிவாருங்கள் என்பேன். வளர்ச்சி அட்டையை விரித்து, கோடு எங்கே போகிறது என்று காட்டினால் பாட்டிகள் நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் பலர், அதன் வேதனை அவர்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் விடச் சொல்லிக் கேளுங்கள்: 'இன்னும் ஒரே ஒரு வாய்'. என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது நம் கையில். எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயிறு சொல்லட்டும். "பொரியல் சாப்பிட்டா ஐஸ்கிரீம்" என்பதும் வேண்டாம். பொரியல் தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று பிள்ளை படித்துக்கொள்கிறது. கதை சொல்ல, கை பிடித்துக் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போகப் பாட்டியைவிட நல்ல ஆள் இல்லை. பாசம் காட்ட அந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.

15. இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிரச்சினைதானே?

நேற்று வரை ஓரளவு அப்படித்தான். இன்று இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் எடை அதிகமானோர் 2015-16-இல் 2.1 சதவீதம், 2019-21-இல் 3.4 சதவீதம். சிறிய எண்தான், ஆனால் போகிற திசை மேலே. உலக அளவில் பள்ளி வயதினரில் எடை குறைந்தோரைவிட உடல் பருமன் உள்ளோர் அதிகமாகிவிட்டனர் என்று 2025-இல் யுனிசெஃப் சொன்னது. 9.2-க்கு 9.4 சதவீதம்.

காரணம் விலை. ஐந்து ரூபாய்க்குச் சிப்ஸ் பாக்கெட் எந்தக் குக்கிராமத்துப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. ஐந்து ரூபாய்க்கு எந்தப் பழம் கிடைக்கும்? ஒரே வீட்டில் ரத்தசோகையுள்ள அம்மாவும் எடை கூடிய பிள்ளையும் இருப்பதைப் பார்க்கிறேன். இந்த விஷயத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு சாதகம் உண்டு: முட்டையோடு சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் உப்புமாவும் பொங்கலும். நேரத்துக்குச் சூடாக ஒரு சாப்பாடு. பல தனியார் பள்ளிப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் ஜாம் தடவிய ரொட்டிதான் இருக்கிறது.

16. அப்போ சோத்தை நிறுத்திடவா? ஒரு மாசத்துல எவ்வளவு குறைக்கணும்?

எதையும் நிறுத்த வேண்டாம். வளரும் பிள்ளைக்குப் பட்டினியோ பேலியோவோ வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே தேவையில்லை, நிறுத்தி வைத்தால் போதும். 135 செ.மீ., 40 கிலோ உள்ள ஒன்பது வயதுப் பையனின் பி.எம்.ஐ. 21.9. ஒரு வருடத்தில் அவன் 6 செ.மீ. வளர்ந்து, எடை அதே 40-இல் நின்றால் 20.1 ஆகிவிடும். உயரம் நமக்காக வேலை செய்கிறது. மிக அதிக எடை, அல்லது ஏற்கெனவே சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல் இருந்தால் கணக்கு வேறு, அது மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

தினமும் மெஷினில் ஏற்றி நிறுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை போதும்.

17. நாலு பேர் முன்னாடி குண்டுன்னு சொன்னா ரோஷம் வந்து குறைப்பான்னு அவங்க அப்பா சொல்றாரே?

அப்பா சொன்னதை ஒரு நாடே செய்து பார்த்தது. சிங்கப்பூரில் 1992-இல் பள்ளிகளில் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டம் வந்தது. எடை அதிகமான மாணவர்களைத் தனியாகப் பிரித்து ஓட வைத்தார்கள். குண்டான மாணவர்களின் விகிதம் குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் திட்டத்தின் சுருக்கெழுத்தைத் (TAF) திருப்பிப் போட்டால் ஆங்கிலத்தில் 'குண்டு' என்று வருவதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். கேலியும் ஒதுக்கலும் பெரிய புகாராகி, 2007-இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான திட்டத்துக்கு மாறினார்கள்.

கேலி செய்யப்பட்ட பிள்ளை விளையாட்டு மைதானத்துக்கு வராது. ஒளித்து வைத்துச் சாப்பிடும். ஒரு பெண் பிள்ளையின் தலையணை உறைக்குள் சாக்லேட் காகிதங்கள் இருந்ததை அவள் அம்மா என்னிடம் காட்டினார். 'பூசணி' என்று வீட்டில் யார் கூப்பிடுவது என்று கேட்டேன். "எல்லாரும்தான் மேடம், செல்லமா" என்றார்.

18. அக்கா ஒல்லிக்குச்சி. இவன் மட்டும் குண்டு. ஒரே வீடு, ஒரே சாப்பாடுதானே?

ஒரே வீடு என்பது மேலோட்டமாகத்தான். அக்காவைக் கர்ப்பத்தில் சுமந்தபோது அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை, தம்பியைச் சுமந்தபோது இருந்தது என்று விசாரித்தால் தெரியவரும் (5-ஐப் பாருங்கள்). அக்கா சின்ன வயதில் ஓடிய தெருவில் இப்போது பேருந்து போகிறது. அவளுக்குப் போன் கிடைத்தது பன்னிரண்டு வயதில், இவனுக்கு இரண்டு வயதில். ஆண் பிள்ளை என்று கூட ஒரு முட்டை, கூட ஒரு கரண்டி நெய், தட்டைக் கழுவும் வேலையில் விலக்கு. ஜீனும் இருவருக்கும் ஒன்றாக வருவதில்லை.

இதில் பெற்றோர் செய்யும் தவறு, தம்பிக்கு மட்டும் தனிச் சட்டம் போடுவது. அக்கா கண்ணெதிரே சிப்ஸ் சாப்பிட, இவனுக்கு வெள்ளரிக்காய் என்றால் அது எந்த வயதிலும் ஆகாது. வீட்டுக்குள் எது வரலாம் என்பதை எல்லோருக்கும் சேர்த்து முடிவு செய்யுங்கள். ஒல்லியாக இருப்பவருக்கும் அந்தச் சிப்ஸ் தேவையில்லை, 2-ஆம் பதிலில் சொன்னதுபோல.

19. வீட்டுல சரி. ஸ்கூல் வாசல்லயே கடை இருக்கே?

இதற்குச் சட்டமே இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் கொண்டுவந்த விதிகளின்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவைப் பள்ளி கேண்டீனிலோ, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது. விளம்பரமும் செய்யக் கூடாது. பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரியாது. சில பள்ளிகளுக்குமே தெரியாது. தனி ஆளாகப் போய்ச் சண்டை போடுவதைவிடப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். வகுப்பில் பிறந்த நாளுக்குச் சாக்லேட் கொடுப்பதற்குப் பதில் பென்சில் என்று மாற்றுவது அதைவிடச் சுலபம். முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் வருடத்துக்கு முப்பத்தைந்து சாக்லேட் குறையும்.

பெட்டிக்கடைக்காரரை வில்லனாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. சுண்டல், கடலை மிட்டாய், நெல்லிக்காய் கேட்டால் அவர் அதையும் விற்பார்.

20. எப்ப டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டணும்?

கழுத்தின் பின்பக்கம் கருத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தால் உடனே. அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக் கூட்டி வருகிறார்கள். அது அழுக்கில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தூக்கத்தில் பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், அடிக்கடி தண்ணீர்த் தாகமும் சிறுநீரும், இடுப்பு அல்லது முழங்கால் வலியோடு நொண்டுதல், ஓயாத தலைவலி, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போவது ஆகியவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். 4-இல் சொன்னபடி உயரம் நின்றுபோனாலும் அப்படியே.

வரும்போது மூன்று நாள் சாப்பாட்டுத் தாள், தடுப்பூசி அட்டை (பிறந்த எடை அதில் இருக்கும்), சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, முடிந்தால் முந்தைய வருடங்களின் பள்ளி மருத்துவப் பரிசோதனை அட்டை ஆகியவற்றை எடுத்து வாருங்கள். ஊட்டிவிடுகிற ஆள் யாரோ, அவரையும்.